குடல் குழம்பும் மரவள்ளியும்

நம் ரப்பர்த் தோட்டங்களில் ஆடு வெட்டுகிற நாளில் சதைக்கறி வாங்க வசதியில்லாத வீடுகளே அதிகமாக இருந்தன. குடலும் தலையும் மலிவாக இருந்தன. குடலைப் புரட்டி, மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, பலமுறை அலசி, லயத்துக்குப் பின்னால் காய்த்த முருங்கைக்காயோடு குழம்பு வைத்தால் குடும்பம் முழுவதற்கும் காணும். ஈரலும் சுவரொட்டியும் பிள்ளை பெற்றவளுக்கு. அவற்றில் இரும்புச் சத்து உண்டென்று நாம் பிறகுதான் பாடத்தில் படித்தோம்.

இந்தக் கைப்பழக்கம் ஜப்பான்காரன் காலத்தில் உயிர் காத்தது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தாபாருவில் இறங்கிய படை, அம்மாதம் முடியுமுன் ஈப்போவைப் பிடித்தது. கம்பார்ச் சண்டையைப் பற்றி நூல்கள் உண்டு; அடுப்பைப் பற்றி எழுதியவர் குறைவு.

நம் பேராக்கின் கிரியானில் 1906-இல் முடிந்த பாசனத் திட்டத்தால் நெல் விளைந்தது. ஆயினும் மலாயா பெரும்பாலும் பர்மா, சயாம் அரிசியை நம்பியே இருந்தது. அந்த வரத்துக் குறைந்ததும் பங்கீட்டு அரிசி சுருங்கிற்று. எங்கும் மரவள்ளி நட்டார்கள். கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. தோலுரித்து நன்றாக வேகவைக்காவிட்டால் நஞ்சும் உண்டு. பெரிபெரி நோயால் பலருக்குக் கால் வீங்கியது.

ஆண்கள் பலரைச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர் ஆயிரக்கணக்கில். அடுப்பெரித்த பெண்கள் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, மரவள்ளித் துளிர், ஆற்றுமீன் எல்லாவற்றையும் சட்டியில் போட்டார்கள்.

1945-இல் போர் முடிந்தும் அரிசிப் பங்கீடு சில ஆண்டுகள் நீடித்தது. எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் சிலர் பிற்காலத்தில் மரவள்ளியைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். குடல் குழம்பு என்றால் மட்டும் இன்னொரு கரண்டி கேட்பார்கள்.