சொல்லப்படாதவள்: பிந்திய வயதுத் தன்பாலீர்ப்புக் கதைகளில் மனைவியின் இடம்

தென்னாசியத் தன்பாலீர்ப்புக் கதைகளை எப்படி வாசிப்பது என்ற கேள்விக்கு, 2005இல் வெளிவந்த காயத்ரி கோபிநாத்தின் 'இம்பாசிபிள் டிசையர்ஸ்' நூல் தந்த விடை இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு, வீட்டிலிருந்து வெளியுலகுக்கு என்று நகரும் 'வெளிப்படுத்தல்' கதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவான அளவுகோல். எங்கள் விருப்பங்களை அதை வைத்து அளந்தால் அவை குறையுள்ளவையாகவே தெரியும் என்பது அவர் வாதம். வீட்டுக்குள், பெண்கள் கூடும் அறைகளில், பெயரிடப்படாமலே விருப்பம் வாழ முடியும் என்று அவர் காட்டுகிறார். வீட்டை விட்டு ஓடத் தேவையில்லை, வீட்டையே வேறொன்றாக்கலாம் என்ற அந்தப் பார்வை எனக்கும் உடன்பாடானது. ஆனால் பெயரிடப்படாத நிலையின் விலையை யார் கொடுக்கிறார் என்ற கணக்கு அந்த வாசிப்பில் போதிய அளவு எழுதப்படவில்லை. திருமணமாகிப் பல பத்தாண்டுகள் கழிந்தபின் ஒருவர் தன்பாலீர்ப்பை வெளிப்படுத்தும் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த விலையைக் கொடுப்பவள் பெரும்பாலும் மனைவி. அவளை மையத்துக்குக் கொண்டுவந்ததில் தொலைக்காட்சி நகைச்சுவைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோபிநாத் விரிவாக எடுத்தாளும் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' (1942) சிறுகதையிலிருந்தே தொடங்குவோம். லாகூரில் ஆபாச வழக்கைச் சந்தித்த இந்த உருதுக் கதையில், பேகம் ஜானும் பணிப்பெண் ரப்புவும் ஒரே போர்வைக்குள் காணும் நெருக்கத்தை ஒரு சிறுமி பார்க்கிறாள். பார்த்ததை விளங்கிக்கொள்ளாமலே சொல்கிறாள். கோபிநாத்தின் எடை முழுவதும் அந்தப் போர்வையின் மீது விழுகிறது: பார்வைக்கு அகப்படாத, பெயருக்கும் அகப்படாத பெண் விருப்பத்தின் மீது.

போர்வைக்கு முன்னால் ஒரு திருமணம் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை வயது முதிர்ந்த நவாபுக்குக் கொடுக்கிறார்கள். ஏன் கொடுத்தார்கள்? அவர் ஒழுக்கமானவர். அவர் வீட்டு வாசலில் ஒரு நாட்டியக்காரியைக்கூட எவரும் கண்டதில்லை. ஹஜ் போய்வந்தவர், மற்றவர்களையும் அனுப்பிவைத்தவர். இளம் மாணவர்களை ஆதரித்து வீட்டில் வைத்திருப்பது மட்டுமே அவருடைய ஈடுபாடு. அந்த ஈடுபாட்டின் பொருள் பேகத்துக்குத் தெரியவந்தபோது கலியாணம் முடிந்துவிட்டது.

இந்தச் சில வரிகளை நான் கதையின் அச்சாக வாசிக்கிறேன். பெண்ணாசை இல்லாமையே மாப்பிள்ளையின் நற்சான்றிதழ் ஆகிறது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசியவர்களுக்கு இந்த நற்சான்றிதழ் புதிதல்ல. "பெடியன் ஒரு பழக்கமும் இல்லாதவன், பொம்பிளைப் பிள்ளையளை நிமிர்ந்தும் பாரான்" என்று தரகர் சொன்னால் பெண் வீட்டார் மனம் குளிர்வார்கள். பெயரிடப்படாமை பேகத்துக்குப் பிறகு ஒரு புகலிடமாகலாம். அதற்கு முன்பு அவளைச் சிக்கவைத்த பொறியும் அதுவே. ஒரே மௌனத்தின் இந்த இரு பக்கங்களில் கோபிநாத் ஒன்றைக் கொண்டாடுகிறார். மற்றதன்மேல் நிற்காமல் கடந்துபோகிறார். தன் விருப்பத்தைப் பற்றிய மௌனத்தை நவாப் தானே தெரிந்தெடுத்தார். பேகம் அதை அறியாமலே அதற்குள் குடிவைக்கப்பட்டாள்.

அடுத்த கட்டம் எங்கள் மண்ணுக்கு அருகில் வருகிறது. சியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) நாவலைக் கோபிநாத் வாசித்திருக்கிறார். அது சிறுவனின் கதை. என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானது 1998இல் வெளிவந்த 'சினமன் கார்டன்ஸ்'. டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த 1927ஐ ஒட்டி நடக்கும் இந்நாவலில், கொழும்புத் தமிழ் முதலியார் ஒருவரின் மகன் பாலேந்திரன் நடுவயதுக் குடும்பஸ்தன். இலண்டனில் அவர் நேசித்து, தந்தையால் பிரிக்கப்பட்ட ரிச்சர்ட் திரும்பி வருகிறார். நாவலின் இறுதிப் பகுதியில் பாலேந்திரன் உண்மையை வைத்து எதிர்கொள்வது தந்தையை. மனைவி சோனியாவிடம் அந்த வார்த்தை போய்ச் சேர்வதில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான கணக்காகவே வெளிப்படுத்தல் இங்கே நிகழ்கிறது. அந்தக் கணக்குக்காக வாழ்நாளையே கொடுத்தவள் அறைக்கு வெளியே நிற்கிறாள்.

2010இல் வந்த 'பிகினர்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படம் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அதில் தந்தை 75 வயதில் தன்னை வெளிப்படுத்துகிறார். ஆனால் மனைவி இறந்தபின். கேட்க வேண்டியவள் இல்லாத வீட்டில் சொல்வது எளிதாகிவிடுகிறது.

2015 மே 8 அன்று நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'கிரேஸ் அண்ட் ஃபிராங்கி' இந்த வரிசையை உடைக்கிறது. விவாகரத்து வழக்குகளை நடத்தும் சட்ட நிறுவனத்தின் இரு கூட்டாளிகள், எழுபது வயதைத் தொட்டவர்கள், இருபது ஆண்டுகளாகக் காதலர்களாக இருந்ததையும் இனித் திருமணம் செய்யப்போவதையும் தத்தம் மனைவியரிடம் ஓர் உணவகத்தில் சொல்கிறார்கள். மணவாழ்வுக்கு வயது நாற்பது. கதை நிகழும் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணம் 2013 ஜூனிலேயே மீண்டும் வழிக்கு வந்திருந்தது. நாடு முழுவதற்குமான தீர்ப்பு தொடர் தொடங்கி ஏழு வாரங்களில் வந்தது. சட்டம் கதவைத் திறந்ததால்தான் அந்த ஆண்கள் வாய் திறந்தார்கள்.

வடிவம் இங்கே தீர்க்கமான வேலையைச் செய்கிறது. நாவலும் திரைப்படமும் சொல்லும் கணத்தை நோக்கி நகர்கின்றன. இத்தொடர் சொல்லி முடித்த இடத்திலிருந்து தொடங்கி 2022 வரை ஏழு பருவங்கள், 94 அத்தியாயங்கள் ஓடியது. ஒருவரையொருவர் சகிக்காத இரு பெண்கள் கடற்கரை வீடொன்றில் ஒன்றாக வாழ வேண்டியதாகிறது. வீடு யாருக்கு, பிள்ளைகள் யார் பக்கம், எழுபது வயதில் தனிப் படுக்கை எப்படி இருக்கும் என்ற கேள்விகள் சிரிப்பை வளர்க்கின்றன. ஆண்களின் காதலைத் தொடர் கேலி செய்யவில்லை. அவர்களின் மகிழ்ச்சிக்கு இடம் தருகிறது. அதே வேளை, இருபது ஆண்டுப் பொய்யின் செலவை யார் சுமந்தார்கள் என்பதையும் மறக்கவிடவில்லை. துயரக் கதை ஒருவரின் வலியோடு முடிந்துவிடலாம். நாளாந்த வீட்டுக் கணக்கு இல்லாமல் வீட்டு நகைச்சுவை நடக்காது. அதனால்தான் மனைவியின் பங்கு அங்கே கணக்கில் ஏறியது.

இந்த மாற்றத்தின் தொடக்கமாக 2015ஐ உறுதியாகக் குறித்துவிட நான் துணியவில்லை. செல்வாக்கு நேராகப் பாய்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன்பின் இந்தியாவில் வந்த இரு படைப்புகள் அதே கேள்வியை எழுப்புகின்றன. 2022 அக்டோபரில் பிரைம் வீடியோவில் வந்த இந்தி நகைச்சுவைப் படம் 'மஜா மா'வில் தன்பாலீர்ப்பாளர் தாயே. மாதுரி தீட்சித் நடித்த பல்லவியின் உண்மை, மகனின் சம்பந்தம் பேசும் வேளையில் வெளியே கசிகிறது. பல்லவி, போர்வையை விட்டு வெளியே வந்த பேகம் ஜான். கசிவு அவளை அழிக்காமல் விடுவிக்கிறது என்பது கோபிநாத்துக்கு எதிரான என் வலுவான சான்று.

2023 நவம்பர் 23 அன்று வெளிவந்த ஜியோ பேபியின் மலையாளப் படம் 'காதல் – தி கோர்' நகைச்சுவை அல்ல. ஆனாலும் வரிசையின் தர்க்கத்தை அதுவே நிறைவேற்றுகிறது. மம்முட்டியின் மாத்யூ உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கும் வேளையில் ஜோதிகாவின் ஓமனா விவாகரத்து மனுத் தாக்கல் செய்கிறாள். கணவன் சொல்லாததை மனைவி நீதிமன்றத்தில் சொல்கிறாள். அது பழிவாங்கல் ஆகவில்லை, இருவரையும் விடுவிக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமண உரிமையை மறுத்தது அதே ஆண்டு அக்டோபர் 17. கலிபோர்னியாவில் சட்டம் திறந்ததால் ஆண்கள் பேசினார்கள். இங்கே கதவு மூடிய ஆறாவது வாரத்தில் ஒரு மனைவி பேசினாள்.

இந்தக் கதையைக் காங்கேசன்துறையில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முதலில், வீடு பெரும்பாலும் அவளுடையது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. 1990இல் சனம் இடம்பெயர்ந்து, காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காலத்திலும் உறுதியில் இருந்த பெயர் மாறவில்லை. ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அந்த அசையாச் சொத்தை அவள் விற்க முடியாது. சம்மதம் மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டும். இரண்டாவது, 1907ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் விவாகரத்துக்கு ஏற்கும் காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, தீய நோக்கோடு கைவிட்டுப் போதல், மணவேளையிலேயே தீராத ஆண்மைக்குறைவு. பரஸ்பர சம்மதம் அப்பட்டியலில் இல்லை. பக்கத்து வளவு ஓமனா, தன் கணவன் தன்னை நேசிக்க இயலாதவன் என்பதை ஒரு குற்றமாக நிறுவினாலன்றி விடுதலை பெற முடியாது.

மூன்றாவது, ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு. இதை 1883ஆம் ஆண்டுச் சட்டம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கோவை 1883க்குரியது, இப்பிரிவின் வாசகமோ இங்கிலாந்தின் 1885ஆம் ஆண்டு லபூஷேர் திருத்தத்தின் சொற்களை ஒட்டிச் செல்கிறது. இலக்கத்தோடு ஒட்டிய 'அ' எழுத்தும் பிற்சேர்க்கையையே காட்டுகிறது. ஆகவே இது 1885க்குப் பின் செருகப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். சரியான ஆண்டைப் பற்றி இங்கே நான் வாதிடவில்லை. 1995இன் திருத்தம் 'ஆண்' என்ற சொல்லை நீக்கி, பல்லவி போன்ற பெண்களையும் உள்ளே இழுத்தது. இப்பிரிவை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால், மௌனத்தை வெறும் பண்பாட்டுத் தெரிவாக வாசிப்பது எங்கள் ஊரில் கடினம். கணவன் உண்மை சொன்னால் அது குற்ற ஒப்புதலாக மாறக்கூடும். சொல்லாவிட்டால் மனைவிக்கு வழக்கே இல்லை. கோபிநாத் வீட்டை விட்டு வெளியேறாத விருப்பத்தைத் தேடினார். அந்தத் தேடல் நியாயமானது. ஆனால் சீதன வீட்டில் அந்த விருப்பத்தோடு முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவளுக்கும் ஒரு வாசிப்பு வேண்டும். யாழ்ப்பாணத்தில் இப்படியொரு நகைச்சுவைத் தொடர் எழுதப்படுமானால், கதை தொடங்க வேண்டிய இடம் அவளுடைய கேள்வி. அவன் அச்சமின்றி அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 365அ முதலில் போக வேண்டும்.