புரவி

குதிரையைக் குறிக்கும் இலக்கியச் சொல்; பெயர்ச்சொல். சங்கப் பாடல்கள் தொட்டுச் செய்யுளில் வழங்கி வருகிறது. பரி, மா, இவுளி என்பன இதனோடு ஒத்த பிற சொற்கள். குதிரை என்ற சொல்லும் சங்க நூல்களில் உண்டு என்பதால், புரவியே பழையது, குதிரை பின்னால் வந்த பேச்சு வழக்கு என்று கொள்வது பிழை.

தேர் இழுப்பது, போர்க்களத்தில் பாய்வது, தலைவனைச் சுமந்து வருவது ஆகிய இடங்களில் புலவர்கள் இச்சொல்லை மிகுதியாக எடுத்தாள்கின்றனர். பூம்புகாருக்குக் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைச் சொல்லும் பட்டினப்பாலை அடியில் பரி, புரவி இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே பரி என்பது விலங்கை அன்று, அதன் ஓட்டத்தைக் குறிக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘புரவுவரித் திணைக்களம்’ குதிரைப் படையைச் சார்ந்ததன்று. நிலவரிக் கணக்கைப் பார்த்த அலுவலகம். எழுத்து ஒப்புமையில் ஏமாறக் கூடாது.

இன்றைய பேச்சில் புரவி அருகிவிட்டது. வரலாற்று நாவல்களில் அழகுக்காக எட்டிப்பார்க்கும். ஆனால் சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிக் கிராமங்களில் இது ஏட்டுச் சொல் அன்று. அங்கே அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மண்குதிரை செலுத்தும் விழாவுக்குப் ‘புரவி எடுப்பு’ என்றே பெயர். வேளார் குடும்பத்தார் களிமண்ணில் வனைந்து சுட்ட குதிரைகளை ஊரார் தோளில் சுமந்து கோயிலில் சேர்ப்பர். அன்றாடம் குதிரை என்பவர்களும் இந்த விழாவுக்கு மட்டும் புரவி என்பார்கள்.