ஐம்பது டாலர் டாங்கி

டாங்கியை நினைவுச்சின்னமா நிறுத்தி வைக்கிறது எனக்கு அவ்வளவா பிடிக்காத சமாச்சாரம். பளபளன்னு பச்சை பெயிண்ட் அடிச்சு, குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கி வச்சு, சுத்தி சங்கிலி கட்டி, "பாத்தியா எங்க பலத்தை" என்று மிரட்டுகிற மாதிரியே இருக்கும். குழந்தைங்க ஏறி விளையாடும், அப்பாக்கள் போட்டோ எடுப்பாங்க, அவ்வளவுதான்.

இந்த அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டம் கண்டது இங்கிலாந்தில். ஆன்சைட் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை, ரூமில் கிடந்து தயிர் சாதம் சாப்பிட்டுத் தூங்குவதற்குப் பதிலாக, டெவன் கடற்கரைப் பக்கம் பஸ் ஏறினேன். டார்கிராஸ் என்று ஒரு குட்டி ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் ஒல்லியாக ரோடு. அங்கே கார் நிறுத்துமிடத்தில் கன்னங்கரேல் என்று ஒரு ஷெர்மன் டாங்கி நிற்கிறது. பச்சை பெயிண்ட் இல்லை, மிடுக்கு இல்லை. கடலில் நாற்பது வருஷம் ஊறின இரும்பு எப்படி இருக்குமோ அப்படி இருக்கு. மேலே அரிப்புத் தடுக்க கறுப்புப் பூச்சு மட்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் ராணுவத்துக்காரரோ சரித்திரப் பேராசிரியரோ இல்லை. கென் ஸ்மால் என்று ஒருத்தர், அந்த ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். 1970-களின் தொடக்கத்தில் மனுஷனுக்குக் கடுமையான மனச்சோர்வு. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கடற்கரையில் நடந்துகிட்டே இருப்பாராம். நடக்கும்போது மணலில் தோட்டா உறை, குண்டுச் சிதறல், ராணுவ உடுப்புப் பொத்தான் இதெல்லாம் கிடைச்சிருக்கு. இவ்வளவு அமைதியான ஊரில் இதெல்லாம் எப்படி வந்துச்சு? உள்ளூர் மீனவர்கள்தான் க்ளூ கொடுத்தாங்க. கரையிலிருந்து முக்கால் மைல் தூரத்தில், அறுபது அடி ஆழத்தில், வலை மாட்டிக்கிற ஒரு இடம் இருக்குன்னு. ஆளை வைத்து முங்கிப் பார்த்தால், டாங்கி!

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். நார்மண்டி படையிறக்கத்துக்கு ஒத்திகை பார்க்க அமெரிக்கர்களுக்கு ஒரு கடற்கரை தேவைப்பட்டது. யூட்டா என்று பெயர் வைத்திருந்த பிரெஞ்சுக் கரை மாதிரியே சரளைக்கல் கரை, பின்னால் நீர்நிலை என்று அமைந்திருந்தது இந்த ஸ்லாப்டன் கரைதான். 1943 டிசம்பருக்குள் சுற்றுவட்டாரத்தில் சுமார் 3000 பேர் ஆடு மாடு தட்டுமுட்டு சாமானோடு வீட்டைக் காலி பண்ண வேண்டியதாப் போச்சு. பல தலைமுறையாக இருந்த வீடுகள். நிஜ குண்டு போட்டுப் பழகப்போறாங்களே!

1944 ஏப்ரலில் நடந்த ஒத்திகைக்கு 'டைகர்' என்று பெயர். 28-ம் தேதி நள்ளிரவு தாண்டி, எட்டு பெரிய தரையிறங்கு கப்பல்கள் லைம் விரிகுடாவில் வரிசையா வந்துகிட்டிருந்தன. காவலுக்கு வரவேண்டிய இரண்டு போர்க்கப்பல்களில் ஒன்று சேதமாகித் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. போதாக்குறைக்கு, தட்டச்சுப் பிழையால் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தப்பான ரேடியோ அலைவரிசையைக் கொடுத்துட்டாங்க. எதிரி நடமாட்டம் பற்றிய எச்சரிக்கை அவங்க காதில் விழவே இல்லை. (ஒரு எண்ணைத் தப்பா அடிச்சு ப்ரொடக்‌ஷன் சர்வரைப் படுக்க வச்ச அனுபவம் உள்ளவன் என்பதால் இந்த வரியைப் படிச்சப்ப வயித்தைக் கலக்கிடுச்சு. எனக்குக் கிடைச்சது மேனேஜர் திட்டு மட்டும்.)

ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து கிளம்பின ஒன்பது ஜெர்மன் டார்பிடோ படகுகள் இருட்டில் புகுந்தன. இரண்டு கப்பல் மூழ்கிடுச்சு, ஒன்று பலத்த சேதம். 749 பேர் பலி. இதில் நிறைய பேர் குண்டடிபட்டுச் சாகவில்லை. காற்றடைக்கும் மிதவைப் பட்டையை அக்குளுக்குக் கீழே கட்டணும்னு சரியாச் சொல்லித் தரலை. இடுப்பில் கட்டிக்கிட்டு, முதுகில் மூட்டையோட குதிச்சவங்க தலைகீழாக் கவிழ்ந்து மூழ்கினாங்க. மிச்சம் பேர் குளிரில் விறைச்சு. படையிறக்க ரகசியம் தெரிந்த பத்து அதிகாரிகளைக் காணோம் என்றதும் மேலிடமே ஆடிப்போச்சு. எதிரி கையில் சிக்கியிருந்தா? கடைசியில் பத்து உடலும் கிடைச்சப்புறம்தான் மூச்சு வந்தது. ஜூன் 6 அன்று யூட்டா கரையில் நிஜமாவே இறங்கினபோது செத்தவங்களை விட, ஒத்திகையில் செத்தவங்க ரொம்ப அதிகம்.

பிழைச்சவங்களுக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நியாயமாச் சொல்லணும்னா, படையிறக்கம் முடிஞ்ச பிறகு, அதே 1944 கோடையில் ராணுவமே செய்தி வெளியிட்டது. மொத்தமா மூடி மறைச்சாங்கன்னு சொல்றது கொஞ்சம் மிகை. ஆனா நார்மண்டி ஆரவாரத்தில் யார் கவனிச்சா?

கென் ஸ்மால் கதைக்கு வருவோம். டாங்கியைப் பார்த்தாச்சு, எடுக்கணும்னா அது யாருடையது? அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொந்தம். விடாம கடிதம் எழுதி, 1974-ல் வாங்கிட்டார். விலை 50 டாலர்! வாங்குறது சுலபம், தூக்குறதுதான் சாமி. முப்பது டன்னுக்கு மேல இரும்பு. பத்து வருஷம் ஆச்சு. 1984 மே மாதம் காற்றுப் பைகளைக் கட்டி மிதக்க வைத்து, கரைப்பக்கம் இழுத்து வந்து சேர்த்தாங்க.

கரைக்கு வந்தால் வேலை முடிஞ்சதா? இல்லை. கடலடியில் காற்று குறைச்சல், அதனால் அரிப்பும் மெதுவா நடக்கும். வெளியே எடுத்ததும் இரும்புக்குள் ஊறின உப்பு, காற்றோடு சேர்ந்து மளமளன்னு தின்ன ஆரம்பிச்சிடும். பீரங்கிக் குண்டு சைஸ் பொருள்னா காரக் கரைசல் தொட்டியில் மாசக்கணக்கில் ஊறப்போட்டு உப்பை எடுப்பாங்க. டாங்கியை எந்தத் தொட்டியில் போடுறது? அதான் அந்தக் கறுப்புப் பூச்சு. கடல் காற்று விடாம அடிக்கிற இடத்தில் நிறுத்தியிருப்பதால், பராமரிப்பு ஓயவே ஓயாது.

இது நீந்தும் ரக ஷெர்மன். சுற்றிலும் கித்தான் திரையைத் தூக்கி மிதக்க வைத்து, பின்னாடி இருக்கிற சின்னச் சுழலிகளால் ஓட்டணும். அலை கொஞ்சம் பெருசா அடிச்சாலே ஆபத்து. நிஜ படையிறக்கத்தில் ஒமாஹா கரைக்கு ஒரு படைப்பிரிவு கடலில் இறக்கிவிட்ட 29-ல் 27 மூழ்கிப்போச்சு.

இங்கேதான் ஒரு கேள்வி. 749 பேர் செத்தது நடுக்கடலில், அந்தக் கப்பல்களில். கரையோரமாக் கிடந்த இந்த டாங்கி அந்தத் தாக்குதலில் மூழ்கினது இல்லை, கரையிறங்கும் பயிற்சியில் முங்கினது. அப்போ தப்பான பொருளைச் சின்னமா வச்சிருக்காங்களா? கூட வந்த நண்பன் அப்படித்தான் வாதாடினான். எனக்கு ஒத்துக்க முடியலை. ஜெயிச்ச டாங்கி ஆயிரம் ஊரில் நிற்குது. எதிரியைப் பார்க்காமலே, ஒத்திகையில் முங்கின டாங்கி இந்த ஒத்திகைக்குப் பொருத்தமா இல்லாம வேற எதுக்குப் பொருத்தம்?

இன்னொண்ணு. அதே கரையில் கொஞ்ச தூரத்தில் அமெரிக்க ராணுவம் 1954-ல் வச்ச கல்தூண் இருக்கு. வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்த கிராமத்தாருக்கு நன்றி. செத்தவங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இத்தனைக்கும் பத்து வருஷம் கழிச்சு வச்சது. அமெரிக்க அரசு செத்தவங்களுக்குன்னு இங்கே பட்டயம் வச்சது 1987-ல், அதாவது ஒரு விடுதிக்காரர் டாங்கியைத் தூக்கிக் காட்டின பிறகு! அவர் 2004-ல் இறந்துபோனார்.

நாங்க போனப்ப டாங்கி மேல ஏறின பையனை அவங்க பாட்டி அதட்டி இறக்கி விட்டாங்க. சங்கிலிச் சக்கரத்துக்குக் கீழே யாரோ வச்ச காகிதப் பூ மழையில் நனைஞ்சு சாயம் இறங்கியிருந்தது. அட்டையில் ஒரு பெயர் இருந்தது, படிக்க முடியலை. பஸ் வந்துடுச்சு.