புது லென்ஸ்ல ஒரு மூலை மட்டும் மங்கலா தெரியுதா? முதல் வாரத்துலயே பண்ண வேண்டிய டெஸ்ட்டுகளும், கேட்க வேண்டிய உரிமைகளும்!

ஆவணியும் தையும் வந்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் கேமராக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் மண்டபத்தில் தாலிகட்டு, சாயங்காலம் இன்னொரு ஊரில் சர்ச் கல்யாணம், மறுநாள் விடியற்காலையில் கன்னியாகுமரி கடற்கரையில் அவுட்டோர் ஷூட். சீசனுக்கு முன்னாடி நகையை அடகு வைத்தோ, இ.எம்.ஐ. போட்டோ ஒரு நல்ல லென்ஸ் வாங்குவது இங்கே சகஜம். அந்த லென்ஸே ஃபேக்டரியிலிருந்து குறையோடு வந்தால்? பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவருவது ஆல்பம் பிரின்ட் ஆகும்போதுதான். அதற்குள் மாற்றிக்கொடுக்கும் காலமும் முடிந்திருக்கும்.

எதைக் குறை என்று சொல்லலாம், அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, கடைக்காரர் கைவிரித்தால் யாரிடம் போவது... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

பெரிய கம்பெனி லென்ஸ்லயும் குறை வருமா?

வரும். ஒரு ஜூம் லென்ஸுக்குள் பதினைந்து, இருபது கண்ணாடிகள்கூட இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே நேர்க்கோட்டில் உட்கார வேண்டும். அதில் ஒன்று இம்மி நகர்ந்தாலோ, சாய்ந்தாலோ படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். இதைத்தான் ‘டீசென்டரிங்’ என்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையும் ஒரு குறிப்பிட்ட அளவு வித்தியாசத்தை அனுமதித்துத்தான் லென்ஸ்களை வெளியே அனுப்பும். அதனால் ஒரே மாடலில் இரண்டு லென்ஸ் வாங்கினால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. அமெரிக்காவில் லென்ஸ் வாடகை நிறுவனம் நடத்திய ரோஜர் சிக்காலா, ஒரே மாடலின் பல பிரதிகளைச் சோதித்து இந்த வித்தியாசத்தைப் பற்றி வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார்.

நிறுவனங்களே ஒப்புக்கொண்ட சம்பவங்களும் உண்டு. 2005-ல் வெளிவந்த கேனான் 24-105 எஃப் 4 எல் லென்ஸில், ஆரம்பத்தில் வந்த பிரதிகளில் பலமான வெளிச்சம் பட்டால் படத்தில் தேவையில்லாத ஒளித்திட்டு விழுந்தது. கேனான் அதை ஏற்றுக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. 2012-ல் அதே நிறுவனத்தின் 40 எம்.எம். எஸ்.டி.எம். லென்ஸில், குழாய்ப்பகுதி அழுத்தப்பட்டால் ஆட்டோஃபோகஸ் நின்றுபோகும் பிரச்னை வந்தது. அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தார்கள்.

2012-ல் வந்த நிக்கான் டி600 கேமராவில் சென்சார் மீது புள்ளிகள் விழுந்தன. வாங்கியவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 2014-ல், வாரன்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. புகார் சொன்னவர்கள் இருந்ததால்தான் இந்தத் தீர்வுகள் கிடைத்தன.

விண்வெளியில் இருக்கும் ஹப்பிள் தொலைநோக்கியே இதற்குத் தப்பவில்லை. 1990-ல் ஏவினார்கள், வந்த படங்கள் மங்கல். 2.4 மீட்டர் கண்ணாடியின் ஓரம், இருக்க வேண்டியதைவிட சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குதான்! கண்ணாடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்ததுதான் காரணம். 1993 டிசம்பரில் வீரர்கள் மேலே போய் சரிசெய்தார்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

* பெட்டி, லென்ஸ், வாரன்டி கார்டு, பில் நான்கிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கிறதா எனப் பாருங்கள்.
* வெளிநாட்டிலிருந்து வரும் லென்ஸ் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு விவரம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாமல் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்றால் ‘கிரே மார்க்கெட்’ சரக்காக இருக்கலாம். இந்திய வாரன்டி கிடைப்பது கஷ்டம்.
* மொபைல் டார்ச்சை லென்ஸின் ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசு இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்திவலை மாதிரி கோடுகள் (பூஞ்சை), பனி படர்ந்த மாதிரி மங்கல், கீறல் இருந்தால் வாங்கவே வேண்டாம்.
* கேமராவில் மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள். மவுன்ட் ஆடக் கூடாது. ஜூம், ஃபோகஸ் வளையங்கள் எங்கேயும் சிக்காமல் சுற்ற வேண்டும்.
* ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள். கட் பண்ணாமல், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி.
* சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஊரிலேயே பழுது பார்ப்பார்களா, இல்லை வாங்கி வைத்து வெளியூருக்கு அனுப்புவார்களா? சீசன் நேரத்தில் லென்ஸ் மூன்று வாரம் கையில் இல்லாமல் போனால் நஷ்டம் யாருக்கு?

வீட்டுச் சுவரே போதும்: மூலை டெஸ்ட்

செய்தித்தாளின் நாலைந்து பக்கங்களைச் சமமான சுவரில் ஒட்டுங்கள். கேமராவை டிரைபாடில் வைத்து சுவருக்கு நேராக நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த நிலை, 2 செகண்ட் டைமர், ஸ்டெபிலைசர் ஆஃப். நடுவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு எஃப் 5.6, எஃப் 8-ல் ஒவ்வொன்று.

கம்ப்யூட்டரில் 100 சதவிகிதம் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி லேசாக மங்கினால் அது லென்ஸின் டிசைன், குறை இல்லை. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கி, எஃப் 8-லும் மற்றதோடு சேராமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். கேமரா சுவருக்கு நேராக இல்லாவிட்டாலும் இப்படி வரும். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுங்கள். மங்கல் சுவரின் அதே பக்கத்தில் நின்றால் தப்பு நீங்கள் வைத்த கோணத்தில். கேமராவோடு சேர்ந்து மங்கலும் எதிர்ப்பக்கம் நகர்ந்தால், குறை லென்ஸில்தான்.

ஆரல்வாய்மொழி காற்றாலை டெஸ்ட்

தூரத்துக் காட்சிக்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். அதற்கு நம் மாவட்டத்தைவிட வசதியான ஊர் கிடையாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தூரத்தில் தெரியும் ஒரு காற்றாலையைப் பிரேமின் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அதே காற்றாலையை இடது ஓரம், வலது ஓரம், மேல் மூலைகள், கீழ் மூலைகள் என வைத்து வரிசையாக எடுங்கள். இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். கோபுரத்தின் விளிம்பைப் பாருங்கள். வெயில் ஏறினால் கானல் அலையும், அதனால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

அந்தப்பக்கம் போக முடியாதவர்களுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. 115 அடி உயரம், 28 தூண்கள். கொஞ்சம் தள்ளி நின்று நேராக எடுத்தால், இடதுபக்கத் தூணும் வலதுபக்கத் தூணும் எவ்வளவு தெளிவு என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

ஃபோகஸ் தள்ளிப் போகுதா?

மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கம்மல் மட்டும் பளிச்சென்று வருகிறதா? டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் இந்தப் பிரச்னை அதிகம். ஸ்கேலைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, அதில் ஃபோகஸ் செய்யுங்கள். முதலில் வியூஃபைண்டர் வழியாக, பிறகு லைவ் வியூவில். லைவ் வியூவில் சரியாகவும், வியூஃபைண்டரில் தள்ளியும் வந்தால், கேமராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பல கேமராக்களில் இருக்கும் ‘ஏ.எஃப். ஃபைன் டியூன்’ மூலம் நீங்களே சரிசெய்யலாம். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரிலேயே ஃபோகஸ் நடப்பதால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

இதெல்லாம் குறை இல்லீங்க!

* மிரர்லெஸ் லென்ஸ் சிலவற்றை ஆஃப் செய்து ஆட்டினால் ‘லொடக் லொடக்’ எனக் கேட்கும். ஃபோகஸ் மோட்டாருக்கு மின்சாரம் இல்லாததால் உள்ளே கண்ணாடி நகர்கிறது, அவ்வளவுதான்.
* ஸ்டெபிலைசர் ஓடும்போது வரும் மெல்லிய இரைச்சல்.
* முழு அப்பர்ச்சரில் ஓரங்கள் கொஞ்சம் இருட்டாவது.
* வைடு லென்ஸில் நேர்க்கோடு வளைவது.
* சூரியனை நேராக வைத்து எடுக்கும்போது வரும் சாதாரண ஒளிவட்டம்.

கண்டுபிடிச்சாச்சு... அடுத்து?

முதல் வேலை, டெஸ்ட் படங்களை ஒரிஜினல் ஃபைலாகவே பத்திரப்படுத்துங்கள். தேதி, லென்ஸ் விவரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், அந்த விவரங்களும் போய்விடும்.

இரண்டாவது, கடைக்காரரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மெயிலும் அனுப்புங்கள். “எந்தத் தேதியில் வாங்கினேன், என்ன குறை, எப்படிச் சோதித்தேன், மாற்றித் தர வேண்டும்” என நாலு வரி போதும். முதல் சில நாட்களில் ரிப்பேரைவிட மாற்றிக்கொள்வதற்கே முயற்சி செய்யுங்கள்.

“எல்லா லென்ஸும் இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி” என்பது வழக்கமான பதில். அப்படியென்றால் கடையில் இருக்கும் இன்னொரு பீஸை மாட்டி, அதே இடத்தில் அதே டெஸ்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஜாப் ஷீட்டில் நீங்கள் சொன்ன குறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா எனப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். “நிறுவன அளவுகோலுக்குள் இருக்கிறது” என்று திருப்பித் தந்தால், அதையும் எழுத்தில் வாங்குங்கள். பின்னால் அதுதான் உங்கள் ஆதாரம்.

சட்டம் என்ன சொல்லுது?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளில் குறை இருந்தால், பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது இந்தச் சட்டம். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். லென்ஸை சென்னையில் வாங்கியிருந்தாலும், டெல்லியிலிருந்து ஆன்லைனில் வந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

தொழிலுக்கு வாங்கினா வழக்குப் போட முடியாதா?

எதிர்த்தரப்பு வழக்கமாக எழுப்பும் கேள்வி இதுதான். இதற்கு விடை, கோவை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் மகாராஷ்டிராவின் லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் நிறுவனம் ஒரு இயந்திரம் வாங்கி, அதில் குறை என்று வழக்குப் போட்டது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அது வணிக நோக்கத்துக்கான வாங்குதல், எனவே அந்த நிறுவனம் ‘நுகர்வோர்’ இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்திருந்தாலும் நுகர்வோர்தான். முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்பது இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது.

லென்ஸுக்கும் இதே கணக்குத்தான். நீங்களே தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் என்றால், லைட் பிடிக்க ஒரு பையன் கூட வந்தாலும் வழக்குப் போடலாம். பத்துப் பேரை வேலைக்கு வைத்து ஸ்டூடியோ நடத்தி, அவர்கள் கையில் கொடுப்பதற்காக வாங்கினால் கஷ்டம். எனவே புகார் மனுவில் “என் வாழ்வாதாரத்துக்காக, நானே பயன்படுத்த வாங்கினேன்” என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

கடைசியா ஒண்ணு

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பார்க்கும் மாவட்டம் நம்முடையது. போதாக்குறைக்கு உப்புக்காற்று. ஈரத்தில் வரும் பூஞ்சையை வாரன்டியில் ஏற்க மாட்டார்கள். கடற்கரை ஷூட் முடிந்ததும் ஈரத்துணியால் வெளிப்பகுதியில் படிந்த உப்பைத் துடைத்து, காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவிலோ டிரை கேபினட்டிலோ வையுங்கள். தோல் பையில் மூடி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது போல.

புது லென்ஸை முதல்முறையாக ஒரு கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். வாங்கின அன்றைக்குச் சுவர் டெஸ்ட், மறுநாள் காலையில் காற்றாலை டெஸ்ட். மொத்தமாக இரண்டு மணி நேரம் ஆகும். தாலிகட்டை யாராலும் ரீடேக் எடுக்க முடியாதே!