குதிரைக்குப் பணம் கொடுத்தது யார்?

நரியைப் பரியாக்கிய கதையைப் படித்தோம். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன் யாருடையது என்று எந்த வாத்தியாரும் கேக்கல. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியே வந்த குதிரை ஒன்றின் விலை 220 தினார் என்று எழுதுகிறார் பாரசீகரான வஸ்ஸாஃப். அந்தப் பணம் கோயில் நில வருமானத்திலிருந்தும், கோயில் பெண்கள்மேல் போட்ட வரியிலிருந்தும் போனதாம். அந்த நிலத்துச் சேத்துல நின்னது யாரு? நம்ம பாட்டன், பூட்டிதான். அதற்கு முன்பே, 10ஆம் நூற்றாண்டில், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டில் நிலம் பெற்ற பிராமணன் பேர் இருக்கு. உழுதவன் பேர் இல்ல. விலை கொடுத்தவன் ஏறக் கூடாது என்பதே சாதி. 2018இல் குஜராத்தின் திம்பி கிராமத்தில் தலித் இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். குதிரை வைத்திருந்ததுதான் காரணம் என்றார் தகப்பன். குதிரை வணிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.