மிச்சமான குப்பூஸை வீசாதீங்க: லெபனானின் ஃபத்தூஷ் சாலட் வீட்டிலேயே செய்வது எப்படி?

நேற்று இரவு கிரில் சிக்கனோடு வந்த குப்பூஸில் இரண்டு ஃப்ரிட்ஜில் கிடக்கிறதா? காலையில் அட்டை மாதிரி விறைத்திருக்கும். குப்பையில் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். இப்படிப்பட்ட பழைய ரொட்டிக்கென்றே லெபனானில் ஒரு சாலட் இருக்கிறது. அதன் பெயர் ஃபத்தூஷ்.

ஃபத்தூஷ் என்றால் என்ன?

காய்ந்த ரொட்டியை மொறுமொறுப்பாக்கி, தக்காளி, வெள்ளரி, கீரை வகைகளோடு புளிப்பான டிரெஸ்ஸிங் சேர்த்துக் கலப்பதுதான் ஃபத்தூஷ். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் என அந்தப் பகுதி முழுக்கச் செய்கிறார்கள். பிய்ப்பது, நொறுக்குவது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. தப்பூலே என்ற இன்னொரு லெபனான் சாலட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பார்ஸ்லியும் உடைத்த கோதுமையும்தான் பிரதானம், ரொட்டி கிடையாது.

விலைவாசியை அளக்கும் சாலட்

ரமலான் நோன்பு திறக்கும்போது லெபனான் வீடுகளில் ஃபத்தூஷ் தவறாமல் இருக்கும். அதனால் ஒரு கிண்ணம் ஃபத்தூஷுக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டு, 'ஃபத்தூஷ் குறியீடு' என்ற பெயரில் அங்கே விலைவாசியை அளக்கிறார்கள். 2019-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் லெபனான் பவுண்ட் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுக வெடிவிபத்தில் நாட்டின் முக்கிய தானியக் கிடங்கு சிதைந்தது. 2022-ல் உக்ரைன் போரால் கோதுமை வரத்தும் அடிபட, ரொட்டிக் கடைகளில் நீண்ட வரிசை நின்றது. சாதாரண வீட்டுச் சாலட்டே பலருக்குக் கணக்குப் பார்த்துச் செய்யும் பண்டமானது இப்படித்தான்.

என்னென்ன தேவை? (2 அல்லது 3 பேருக்கு)

- குப்பூஸ் அல்லது பீட்டா ரொட்டி – 2
- கெட்டியான தக்காளி – 3
- சின்ன வெள்ளரிக்காய் – 2
- லெட்யூஸ் – 6, 7 இலை
- சிவப்பு முள்ளங்கி – 4
- வெங்காயத்தாள் – 3
- புதினா, பார்ஸ்லி – தலா ஒரு கைப்பிடி
- பருப்புக்கீரை – ஒரு கைப்பிடி

டிரெஸ்ஸிங்குக்கு: ஆலிவ் எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், மாதுளைப் பாகு 2 டீஸ்பூன், சுமாக் தூள் 2 டீஸ்பூன், பூண்டு 1 பல், உப்பு.

பட்டியலில் பருப்புக்கீரை எப்படி வந்தது என்று யோசிக்கிறீர்களா? பக்லே என்ற பெயரில் லெபனான்காரர்கள் ஃபத்தூஷில் பச்சையாகப் போடுவது இதே கீரையைத்தான். நாம் பருப்போடு கடைகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இளம் இலைகளாகக் கிள்ளி, மண் போக நன்றாக அலசிப் போடுங்கள்.

சுமாக் எதற்கு?

சுமாக் என்பது ஒரு செடியின் காய்ந்த பழத்தூள். கருஞ்சிவப்பு நிறத்தில், பழப் புளிப்போடு இருக்கும். ஃபத்தூஷுக்கு அடையாளமே இதுதான். ஆன்லைனிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கும். சில பிராண்டுகளில் உப்பு கலந்திருக்கும், லேபிளைப் பார்த்துவிட்டு உப்பைப் போடுங்கள். இது முந்திரி குடும்பத்துச் செடி என்பதால் முந்திரி அலர்ஜி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. சுமாக் கிடைக்காவிட்டால் எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டி, அனார்தானா பொடி ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம். அதே ருசி வராது, ஆனால் சாலட் கெடாது.

செய்முறை

1. குப்பூஸின் இரண்டு அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். அடுக்கோடு விட்டால் வெளியே கருகி உள்ளே மெத்தென்று நின்றுவிடும்.

2. ஒரு அங்குலத் துண்டுகளாகப் பிய்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பிசிறி, 180 டிகிரி சூட்டில் 8 முதல் 10 நிமிடம் ஓவனில் வையுங்கள். ஓவன் இல்லையா? தோசைக்கல்லில் சின்னத் தீயில் புரட்டிப் புரட்டி எடுங்கள். எண்ணெயில் பொரிக்கும் வழக்கமும் உண்டு.

3. பூண்டை உப்போடு நசுக்கி, எலுமிச்சைச் சாறு, மாதுளைப் பாகு, பாதி சுமாக் சேர்த்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு எண்ணெயை ஊற்றி அடியுங்கள்.

4. காய்களைக் கொஞ்சம் பெரிதாகவே நறுக்குங்கள். தக்காளியின் விதைச் சாறு அதிகமாக இருந்தால் வழித்துவிடுங்கள். கீரை, இலைகளில் ஈரம் இருக்கவே கூடாது. ஈரம் இருந்தால் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் அடியில் தேங்கிவிடும்.

5. காய்கள், இலைகளோடு டிரெஸ்ஸிங்கைக் கலந்து, கடைசியாக ரொட்டியைப் போட்டு ஒரே ஒரு புரட்டு. மேலே மீதி சுமாக்கைத் தூவினால் ரெடி.

எங்கே சொதப்பும்?

பெரும்பாலும் ரொட்டியில்தான். சூடாக இருக்கும்போதே போட்டால் உடனே நமத்துவிடும், முழுசாக ஆறட்டும். கலந்த பிறகு ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் சாப்பிடுங்கள். ஓரம் டிரெஸ்ஸிங்கில் ஊறி, நடுவில் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும் அந்த நேரம்தான் ஃபத்தூஷின் ருசியே. அரை மணி நேரம் கழித்தால் ஊறிய ரொட்டிக் கூழ்தான் கிடைக்கும்.

ஆபீஸுக்குக் கொண்டு போவதென்றால் காய், டிரெஸ்ஸிங், ரொட்டி மூன்றையும் தனித்தனி டப்பாவில் எடுத்துப் போங்கள். ரொட்டித் துண்டுகள் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் தாங்கும். குப்பூஸ் இல்லாத நாளில் மிச்சச் சப்பாத்தியிலும் செய்யலாம். லெபனான்காரர் அதை ஃபத்தூஷ் என்று ஒப்புக்கொள்வது சந்தேகம்தான், ஆனால் சப்பாத்தி குப்பைக்குப் போகாமல் தப்பிக்கும்.