பதிவேட்டின் குறிப்புக் கட்டம்

படித்து முடித்த நூலைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுதிப் பகிர்வது இன்று நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. எழுதும்போது, நம்மைப் போன்ற இன்னொரு வாசகர் இதைப் படிப்பார் என்ற எண்ணம் உள்ளூர இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரித்தானிய இந்தியாவில் அச்சான நூல்களுக்கு இத்தகைய குறுங்கருத்துகள் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டன. ஆனால் அவற்றைப் படிக்கவிருந்தவர்கள் வாசகர்கள் அல்லர். அந்நூல்களைத் தாமே படிக்கும் வாய்ப்பு அறவே இல்லாத அதிகாரிகள்.

1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அச்சகங்களையும் நூல்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. அச்சான ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் ஒப்படைக்கவேண்டும். தலைப்பு, அதன் ஆங்கிலப் பொருள், மொழி, ஆசிரியர், பொருட்பகுப்பு, அச்சகம், பக்க எண்ணிக்கை, அச்சிட்ட படிகள், விலை ஆகியவை பதிவாகும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இப்பட்டியல் அந்தந்த மாகாண அரசிதழில் வெளிவரும். சென்னை மாகாணப் பட்டியல்களைத் தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் நன்கறிவர். கவனிக்கத்தக்கது ஒன்று: சட்டம் கேட்ட விவரங்களில் கருத்து என்பது இல்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தை நிர்வாகம் தானாகவே சேர்த்துக்கொண்டது.

ஏன் சேர்த்தது என்பதற்கு வங்காளத்தில் ஒரு முன்கதை உண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய ஜேம்ஸ் லாங் பாதிரியார் 1855இல் 1400 வங்காள நூல்கள், சிறுநூல்களின் வகைப்படுத்திய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 1857 எழுச்சிக்குப் பின், நாட்டுமொழி அச்சைக் கவனிக்காத அரசு நாட்டாரின் மனநிலையையும் அறியாது என்று வாதிட்டார். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் அவருக்கே ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. அபராதத்தைக் கட்டியவர் மகாபாரதத்தை வங்காள உரைநடையில் கொண்டுவந்த காளிபிரசன்ன சிங்கர்.

லாங் சிறை சென்றார். அவர் வற்புறுத்திய கண்காணிப்பு நிலைத்தது. வங்காள நூலகம் என்ற அரசு அலுவலகத்தில் நூலகர் ஒருவர் வந்து குவிந்தவற்றைப் படித்து ஆங்கிலத்தில் குறிப்பெழுதினார். பஞ்சாங்கம், பள்ளிப் பாடநூல், கேலி நாடகம், காதல் கதை, மருத்துவக் கைந்நூல் என எல்லாம் அதே மேசைக்கு வந்தன. சிலவற்றுக்குக் கதைச்சுருக்கம், சிலவற்றுக்கு ஒற்றை வரி, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. (அலுப்பு தட்டிய நாட்களை ஊகிப்பது கடினமில்லை.)

1880களில் அம்மேசையில் இருந்தவர்கள் சந்திரநாத் பாசு, அவருக்குப் பின் ஹரபிரசாத் சாஸ்திரி. இருவரும் வங்காள எழுத்தாளர்கள். பங்கிம் சந்திரரின் 'பங்கதர்சன்' வட்டத்தைச் சேர்ந்தவர்கள். பங்கிமோ துணை நீதிபதியாக இருந்த அரசு ஊழியர். 'ஆனந்தமடம்' நூலாக வந்த 1882இல், அரசு ஊழியர் எழுதிய நூலைப் பதிந்து மேலிடத்துக்குச் சொல்லும் கடமை அவரை நன்கறிந்த இன்னொரு அரசு ஊழியரிடம் இருந்தது. இலக்கிய நட்பும் அலுவல் கடமையும் ஒரே கைக்குள் இருந்ததை மறந்துவிட்டு இக்குறிப்புகளை வெறும் ஒற்றறிக்கை என்று படிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இலக்கிய விமர்சனம் என்று மட்டும் படிப்பதும் அவ்வளவே தவறு. ராபர்ட் டார்ன்டன் காட்டியுள்ளபடி, பல பத்தாண்டுகள் வெறுமனே திரண்டுவந்த இந்த அறிவு, 1905 வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தண்டனைக்கு உதவும் கருவியாயிற்று.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது குறிப்புக் கட்டத்தை விட மொழிக் கட்டம். வடகல்கத்தாவின் பட்டலா அச்சகங்களிலிருந்து யூசுப்–சுலைகா, அமீர் ஹம்சா போன்ற கதைப்பாடல்கள் பெருவாரியாக வந்தன. எழுத்து வங்காள எழுத்து, இலக்கணமும் வங்காளமே, சொற்களில் பாரசீகமும் அரபும் இந்துஸ்தானியும் தாராளமாகக் கலந்திருக்கும், பக்கங்களை வலமிருந்து இடமாகப் புரட்டவேண்டும். லாங்கின் காலத்திலேயே இவற்றுக்கு 'முசல்மான் வங்காளம்' என்ற பெயர் வந்துவிட்டது. அரசுப் பட்டியல்களில் அது தனிமொழி போலவே இடம்பெற்றது. ஒரு மொழியின் நடைவேறுபாடா, வேறு மொழியா என்பது நாங்கள் வகுப்பறையில் மணிக்கணக்கில் வாதிடும் கேள்வி. அங்கே ஒரு கட்டத்தை நிரப்பவேண்டிய தேவை அதற்கு விடை சொல்லிவிட்டது. சொற்கலப்பு அளவுகோலானால், சமஸ்கிருதச் சொற்கள் நிரம்பிய பண்டித நடைக்கும் அப்படியொரு தனிப்பெயர் வந்திருக்கவேண்டும். வரவில்லை, அது வெறும் 'வங்காளம்' ஆகவே இருந்தது.

ஹரபிரசாத் சாஸ்திரி 1890களில் அப்பணியிலிருந்து விலகினார். 1907இல் நேபாள அரச நூலகத்தில் சர்யாபதச் சுவடியைக் கண்டெடுத்தார். வங்கீய சாகித்திய பரிஷத் அதை 1916இல் வெளியிட்டபோது, ஆயிரம் ஆண்டுப் பழைமையான வங்காள மொழியில் அமைந்த பௌத்தப் பாடல்கள் என்னும் பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். மொழிக் கட்டத்தை ஆண்டுக்கணக்கில் நிரப்பிப் பழகிய கை, இம்முறை தலைப்பிலேயே அதை நிரப்பிவிட்டது. அசாமிய, ஒடிய, மைதிலி அறிஞர்கள் அப்பாடல்கள் தம் மொழியின் தொடக்கம் என்று இன்றுவரை வாதிட்டு வருகிறார்கள்.